மூன்றாம் கூப்பாடு

“இஞ்சினே இல்லாத பிளேன்ல ஏறுறதே பைத்தியம்லா. அத இன்னொருத்தனுக்குச் சொல்லிக்கொடுக்க வேற போறியா? நீ பின்னாடி உக்காந்தா எவன்மா முன்னாடி ஏறுவான்?” என்றார் என் தாய்மாமன். நியாலாஸ் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கோப்பைத் திறந்து காட்டினேன். கிளைடர் ஓட்டும் உரிமமும் மருத்துவச் சான்றிதழும் அதில் இருந்தன. தனியாகப் பறந்த மணிக்கணக்கெல்லாம் பறப்புக் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் இருந்தது. பயிற்றுநர் வகுப்பில் பின் இருக்கையிலிருந்து ஓட்டவும், கரும்பலகைக்கு முன் நின்று பாடம் விளக்கவும் பழகியிருந்தேன். மிச்சம் இருந்தது இறுதித் தேர்வு. தேர்வாளர் மாணவரைப்போல முன்னால் உட்காருவார். பின்னாலிருந்து நான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

“கோப்பு பறக்குமா?” என்று மாமா சிரித்தார்.

இரண்டு இருக்கைகளிலும் கிளைடரைத் திருப்பும் ஸ்டிக் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அதனால் யார் ஓட்டுகிறார்கள் என்பதில் குழப்பமே வரக் கூடாது. “என்கிட்ட” என்று பயிற்றுநர் சொன்னால் மாணவர் கையை எடுத்துவிட்டு “உங்ககிட்ட” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பயிற்றுநர் காத்திருக்கக் கூடாது. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

ஆனால் நான் வளர்ந்த தோட்டத்தில் வேறொரு விதி இருந்தது. உச்சி வேளையில் செம்பனைக்குள் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பக் கூடாது. மூன்று முறை கூப்பிட்டால்தான் மனுஷன். மற்றது இரண்டோடு நிறுத்திவிடும். கூப்பிடுகிறவர்களுக்கும் இது தெரியும். இரண்டு முறை பதில் வராவிட்டால் யாரும் பதறுவதில்லை. நிதானமாக மூன்றாவது முறை கூப்பிடுவார்கள்.

தேர்வன்று உச்சி வெயில். இழுத்துப்போன விமானத்தின் கயிற்றை விட்டதும் அந்த அமைதி வந்தது. காற்று கண்ணாடியை உரசும் ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. கீழே செம்பனை வரிசைகள், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. தேர்வாளர் ஓட்டிக்கொண்டிருந்தார். கிளைடரின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. வேகம் குறைந்தது; இன்னும் குறைந்தால் கவிழ்ந்து விழும். காற்றின் ஓசையும் தேய்ந்தது.

“என்கிட்ட” என்றேன்.

பதில் இல்லை. முன்னால் அவருடைய தொப்பி அசையவில்லை.

“என்கிட்ட.”

அவர் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார். என் கைகள் என் மடியில் இருந்தன. ஆனாலும் என் முழங்கால்களுக்கு நடுவே ஸ்டிக் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது, யாரோ பிடித்துச் சாய்ப்பதுபோல. காற்றின் அழுத்தம்தான் அது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அந்த நிமிடம் படித்தது நினைவுக்கு வரவில்லை.

“என்கிட்ட!” என்று மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் பிடித்தேன். அதற்குள் மூக்கு கவிழ்ந்து, செம்பனை கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. நிமிர்த்தி, ஒழுங்காகவே இறக்கினேன்.

தரையில் தேர்வாளர் கேட்டார்: “ஏம்மா மூணு தடவ கூப்பிட்ட?”

“நீங்க பதில் சொல்லலயே சார்.”

“நான் மயங்கிக் கெடந்தா? மொத தடவயே புடிக்கணும்லா. அதுவரைக்கும் யாரு ஓட்டுனா?”

தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அது நியாயம்தான்.

மறுநாள் உச்சி வேளையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, செம்பனை நடுவே வீட்டுக்கு நடந்தேன். பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மாவின் குரல்போல இருந்தது. ஒரே ஒரு முறை.

“இதோ!” என்று உடனே திரும்பினேன்.

வரிசை வரிசையாக மரங்கள். யாரும் இல்லை. அடுத்த கூப்பாட்டுக்காக நான் நிற்கவில்லை, ஓடவும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மா இன்னும் தொழிற்சாலை வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

அப்போதே உட்கார்ந்து மறுதேர்வு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.