பத்தல்ல

மெல்பேர்னில் ஒரு யூதத் தொழுகைக்கூட வாசலில் நான் காவலுக்கு நின்ற காலம். உள்ளே ஆட்களைச் சேர்ப்பவர் ஒரு முதியவர். ஒடிசல் உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் இறந்தவருக்கான செபம் சொல்லலாம். ஆனால் மனிதரை எண்ணுவது அவர்களுக்கு ஆகாது. அதனால் ஒவ்வொருவராக விரலால் காட்டி, "ஒன்றல்ல, இரண்டல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போவார்.

அவருடைய மனைவியின் நினைவுநாளன்று அது "ஒன்பதல்ல" என்பதோடு நின்றுவிட்டது. வாசலுக்கு வந்து வீதியைப் பார்த்தார்.

"ஒருத்தரும் வரேல்லையா?"

"ஒராள் வந்தவர், அங்கிள். ஐடி இல்லை, திருப்பி அனுப்பிப்போட்டன்."

"பச்சைத் தொப்பியா?"

"ஓம்."

"ஐயோ, அவன் என்ர சிநேகிதன்! ஓடு!"

ட்ராம் தரிப்பிடத்தில் அந்த மனிதரைப் பிடித்து, கையோடு கூட்டிவந்தேன். முதியவர் அவரை விரலால் காட்டி, கூடமே அதிர, "பத்தல்ல!" என்று கத்தினார். செபம் வாசல்வரை கேட்டது.

முடிந்ததும் வெளியே வந்து என் கையில் ஒரு பெப்பர்மின்ட் வைத்தார். பிறகு விரலை என் பக்கம் நீட்டிச் சிரித்தார்.

"பதினொன்றல்ல."

என்னைச் சேர்த்தாரா, விட்டாரா? இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.