ஆடி வெள்ளியில் ஒரு ராக் ஆல்பம்

போன வாரம் கறம்பக்குடி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோர சீட். வழக்கமாக அந்த பஸ்ஸில் காதல் தோல்விப் பாட்டுகள்தான் ஓடும் - டிரைவருக்கு என்ன மனக்கஷ்டமோ! அன்றைக்குத் திடீரென்று கிடார் சத்தம். அடுத்த நொடி டிரம்ஸ். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால், அந்த டிரம்ஸை வாசித்தவர் என் சகலை.

பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “இது என் சகலைங்க” என்றேன்.

“அப்படிங்களா! பாடுறவரா?”

“இல்லைங்க, டிரம்ஸ்.”

“ஓ…” என்றார். அந்த ‘ஓ’வில் பாதி மரியாதை இறங்கிவிட்டது. போகட்டும், உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் வாராவாரம் இந்தப் பக்கத்தில் என்னைப் பொறுத்துக்கொள்பவர்கள்.

என் மனைவியின் தங்கை பிலோமியைக் கட்டியவர் அமல்ராஜ். எங்கள் இரண்டு குடும்பமும் ஆவூர்ப் பக்கம். சகலை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திருச்சியில் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்டு ஆரம்பித்தார்கள். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள், சுகர் மாத்திரை என்று வாழ்க்கை போனது. இருபது வருஷம் கழித்து, தலையில் முடி எண்ணக்கூடிய நிலைமைக்கு வந்த பிறகு, ‘நாம ஏன் ஒரு ஆல்பம் போடக் கூடாது?’ என்று நால்வருக்கும் தோன்றியிருக்கிறது. மொத்தம் ஒன்பது பாட்டு. பாடகர் பாலு சென்னையில் இருக்கிறார். அவர்தான் தலைவர்.

டிரம்ஸை முதலில் பதிந்துவிட்டு, அதன் மேல்தான் மற்றவர்கள் வாசிப்பார்களாம். மற்றவர்கள் எல்லோரும் தயார். டிரம்ஸ்தான் தகராறு. ஸ்டுடியோவில் டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் ஒரு ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். அதில் டக் டக் டக் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கும். அதற்குப் பெயர் ‘கிளிக்’. வேகம் கூடாமல் குறையாமல் அதோடு ஒட்டியே போக வேண்டும். நம்ம சகலைக்கு அந்த கிளிக்கைக் கண்டாலே ஆகாது. பாட்டின் முதல் பாதியில் ஆற அமர வாசிப்பார். பல்லவி திரும்பி வரும் இடத்தில், கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு எட்டு வேகமாகப் போட்டுவிடுவார். மேடையில் அதைக் கேட்டு ஜனங்கள் எழுந்து ஆடியிருக்கிறார்கள். ஸ்டுடியோவிலோ, “சார், ஓடுறீங்க… மறுபடியும் போலாமா?”

இப்படி இரண்டு தடவை சென்னைக்குப் போய், இரண்டு தடவையும் கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு உதைத்தால் எப்படி இருக்கும்? வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. பிலோமி என் மனைவிக்கு போன் போட்டு அழுதாள்.

பேண்டில் ஒரு பேச்சு வந்தது. இப்போதெல்லாம் டிரம்ஸைக் கம்ப்யூட்டரே வாசிக்குமாம். ஓடாது, தப்பாது, லீவு கேட்காது. “கடைசியா ஒரு தடவை பார்ப்போம் அமலு. சரியா வரலைன்னா மெஷின்லயே போட்டுடலாம். தப்பா நினைக்காதே” என்று பாலு சொல்லிவிட்டார். இருபது வருஷக் கனவு ஆல்பமாக வெளிவரும்; அதில் சகலை இருக்க மாட்டார்.

சவுண்டு இன்ஜினியர் தினேஷ் ஒரு யோசனை சொன்னார். ஸ்டுடியோ வேண்டாம், உயரமான கூரை போட்ட பெரிய ஹால் கிடைத்தால் டிரம்ஸ் சத்தம் கம்பீரமாக இருக்கும், சாருக்கும் பதற்றம் குறையும் என்றார். அப்படி ஒரு ஹால் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

“கல்யாண மண்டபம் பார்ப்போமே சகலை! ஆடி மாசம் வருது. ஒரு முகூர்த்தம் கிடையாது. எல்லா மண்டபமும் பூட்டித்தான் கெடக்கும். ஈ காக்கா இருக்காது!”

கிறிஸ்தவர்களான எங்களுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. பாட்டு, கொண்டாட்டம் எல்லாவற்றையும் அடக்கி வாசிப்போம். அதனால் என் மூளை என்ன செய்தது? கல்யாணம் இல்லையா - அப்போது ஆடி என்பது இந்துக்களுடைய தவக்காலம். ஊரே அமைதியாக இருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். சகலையும்தான். ஆனாலும் இரண்டு பேரும் மண்டையை மண்டையை ஆட்டிக்கொண்டோம்.

திருவரங்குளத்தைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மண்டபம் பிடித்தேன். வியாழன், வெள்ளி, சனி. சகலை லீவு போட்டார். மணமேடையில்தான் சத்தம் நன்றாக வருகிறது என்று தினேஷ் டிரம் செட்டை அங்கேயே போடச் சொன்னார். மாலையும் கழுத்துமாக ஜோடிகள் உட்காரும் இடத்தில் சகலை இரண்டு குச்சியோடு உட்கார்ந்திருந்தார். “ரெண்டாவது கல்யாணமாங்க?” என்று பிலோமி கேட்டாள். பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார்.

தினேஷ் ஹால் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார். சத்தம் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. “சூப்பர் சார்! இதுதான் வேணும்” என்றார்.

“ஹலோ… மைக் டெஸ்டிங்… ஹலோ…”

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜன்னலைத் திறந்தால், தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். வேப்பிலைத் தோரணம், சீரியல் பல்பு. கம்பத்தின் உச்சியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் - அதில் ஒன்று நேராக மண்டபத்தைப் பார்த்து! அடுத்த நிமிஷம் அம்மன் பாட்டு ஆரம்பித்தது. கண்ணாடி அதிர்ந்தது.

ஆடி மாதம். அதுவும் மறுநாள் ஆடி வெள்ளி. இந்த மூன்று நாளைத் தேடிப் பிடித்துக் கொடுத்த மகாபுத்திசாலி நான்தான். நம்ம வீட்டுக் காலண்டரை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு விசேஷத்தைக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று இப்போது தத்துவமாகச் சொல்கிறேன். அன்றைக்குத் தத்துவமெல்லாம் வரவில்லை. பிலோமி என்னைப் பார்த்த பார்வையில் வியர்வைதான் வந்தது.

ராத்திரியில் பதியலாம் என்றால் மண்டபத்து மேனேஜர் ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார். வியாழன் போனது. வெள்ளி பற்றிக் கேட்கவே வேண்டாம்… கூழ், கரகம், நடுநடுவே ‘செவப்புக் கலர் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க’ என்று அறிவிப்பு. ஒரு பாட்டுகூடப் பதியவில்லை. சாயங்காலம் மேனேஜர் வந்து இன்னொரு குண்டு போட்டார். “சார், நாளைக்கு இங்க ஃபுல்லா கரண்ட் கட்டு. மெயின்டனன்ஸாம். காலைல ஒன்பதுல இருந்து அஞ்சு மணி வரைக்கும்.”

கரண்ட் இல்லாமல் எப்படிப் பதிவு செய்வது? சகலை குச்சிகளை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“வாங்க சகலை. அந்த மைக் செட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பார்ப்போம்” என்றேன். எதைக் கேட்பது என்று எனக்கே தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மைக் செட்டுக்காரர் பெயர் கருப்பையா. ஐம்பது வயதிருக்கும். கோயில் பக்கத்தில் தகரக் கொட்டகையில், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சைகை காட்டிப் பஞ்சை எடுக்கச் சொல்லி, கதை முழுவதையும் ஒப்பித்தோம்.

“கொழாயை வேணும்னா அங்கிட்டுத் திருப்பி விடுறேன் சார். பாட்டை நிறுத்துனா கமிட்டில என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க.”

“நாளைக்குத்தான் கரண்ட் இல்லையே?” என்றார் சகலை.

“பேட்டரி இருக்குல்ல. இன்வெர்ட்டரும் வச்சிருக்கேன். கரண்ட்டு போனா அதுல ஓட்டுவேன்.” சொல்லிவிட்டு, சகலையின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஒங்க மிஷினு பேட்டரில ஓடுமா?” என்று கேட்டார்.

ஓடும் என்றார் சகலை.

“அப்ப பேட்டரிய நீங்க எடுத்துக்கங்க. கரண்ட்டும் இல்ல, பேட்டரியும் இல்லைன்னா என்னைய யாரு என்ன கேக்க முடியும்? பத்து நாளா காது ரெண்டும் அடைச்சுக் கெடக்கு சார். ஒரு நா நானும் மனுசனா இருந்துக்கிறேனே.”

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஒரே பேட்டரி. அது அங்கே இருந்தால் எங்களுக்கு எமன். இங்கே வந்தால் தெய்வம்!

சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு கரண்ட் போனது. ஊர் அப்படியே அடங்கியது. பேட்டரிக்குத் துணையாகக் கருப்பையாவும் மண்டபத்துக்கு வந்து, முதல் வரிசை நாற்காலியில் மாமனார் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

தினேஷ் வயர்களை மாட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “சார், ஒன்பது பாட்டுக்குத் தாங்கணும். ஹெட்போனுக்குத் தனியா கரண்ட் இழுக்கும். கிளிக் இல்லாமலே வாசிக்கிறீங்களா?”

சகலை ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தார். கண்ணை மூடினார்.

அப்புறம் நான் கேட்டதை எப்படி எழுதுவது? எனக்கு சங்கீதம் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். பாட்டு முழுக்க அவர் மனசுக்குள் ஓடுகிறது, உதடு அசைகிறது. இடது கை தட்டுவது தெரியாத அளவுக்கு மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் போகிறது. வலது கால் பெரிய டிரம்மை மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் என் நாற்காலி அதிர்கிறது. பல்லவி வரும் இடத்தில் அந்தப் பழைய ஓட்டம் - ஆனால் ‘ஓடுறீங்க’ என்று சொல்ல ஆள் இல்லை. தினேஷே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மதியம் ஒரு மணிக்குள் எட்டுப் பாட்டு முடிந்தது. பிலோமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதாவது பாட்டு. பாதி தாண்டியிருப்பார். திடீரென்று கரண்ட் வந்துவிட்டது!

கோயிலில் கருப்பையா ஸ்விட்சை அணைக்காமல் வந்திருக்கிறார். குழாய் “தாயே…” என்று அலறியது. சகலையின் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. கருப்பையா “ஐயய்யோ!” என்று எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலே வினாடி. லைனை சோதித்துப் பார்த்தார்களோ என்னவோ, வந்த கரண்ட் அப்படியே மறுபடி போய்விட்டது. குழாய் அடங்கிய அந்த நொடி, சகலையின் கை இறங்கியது. விட்ட இடத்திலிருந்து, விட்ட வேகத்தில்… இல்லை, அதைவிடக் கொஞ்சம் வேகமாக. பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

தினேஷ் அன்று சாயங்காலம் ஒன்பதையும் பாலுவுக்கு அனுப்பினார். அந்த ‘தாயே’வையும் ‘ஐயய்யோ’வையும் மட்டும் அழித்து, அந்த நாலு வினாடியை நிசப்தமாக விட்டுவிட்டார், டிரம்ஸ் நின்றிருந்த நேரம் என்பதால் சுலபமாகப் போய்விட்டதாம். நாங்கள் எல்லோரும் என் வீட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபி ஆறியது. எட்டு மணிக்கு பாலு கூப்பிட்டார்.

“அமலு… அந்தக் கடைசிப் பாட்டுல நடுவுல நிறுத்துறியே, அது எப்படிடா தோணுச்சு? நாங்களும் அங்க நிறுத்திடறோம். மெஷினை மறந்துடு.”

அப்பாடா! பிலோமி என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கொல்லைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெண் கொடுத்தவர்கள் முன்னால் அன்றைக்குத்தான் எனக்கு மறுபடி உயிர் வந்தது.

ஆல்பம் வந்தது. ஹிட். அதிலும் அந்த ஒன்பதாவது பாட்டு… கல்லூரிப் பிள்ளைகள் அந்த நாலு வினாடிக்கு அப்படியே சிலையாக நின்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அந்த நிசப்தத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். சகலை புன்னகை செய்கிறார். உண்மை பிற்பாடு பேண்டுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது உங்களுக்கும்.

இதோ மறுபடி ஆடி வந்துவிட்டது. நேற்று கருப்பையா சகலைக்கு போன் செய்தார். பின்னணியில் அதே ஒன்பதாவது பாட்டு, கோயில் குழாயில்!

“அம்மன் பாட்டுக்கு நடுவுல ஒங்க பாட்டைப் போட்டேன் சார். நடுவுல நின்னுச்சா, கமிட்டிக்காரவுக கொட்டகைக்கே ஓடி வந்துட்டாக, கரண்ட்டு போயிருச்சான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கரண்ட்டெல்லாம் இருக்கு, சார் மூச்சு வாங்குறாரு, பொறுங்கன்னேன்.”