பச்சை உடம்பும் போட்டின் காற்றுக் குழலும்

அறுபதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியின் பண்டகசாலையில் அப்போது வேலை பார்த்து வந்தேன். என் மனைவி தலைப்பிரசவத்துக்காக ஆலப்புழையிலுள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. தீட்டுக் கழிந்ததும் இருவரையும் அழைத்துவர வேண்டும். நல்ல மழைக்காலம். "பச்சை உடம்புக்காரியைப் பஸ்ஸில் போட்டுக் குலுக்காதே" என்று முதலாளி தம் மோட்டார் போட்டையே கொடுத்து அனுப்பினார். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவும் வராது.

அது ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய சின்ன போட். நடுவில் இரண்டு பேர் படுக்கும்படி ஓர் அறை. அறைக்குப் பின்னால், பெட்டிக்குள் பெட்ரோல் இஞ்சின். அங்கேதான் டிரைவரும் நிற்பார். அறையின் கூரைமேல் கழுத்து வளைந்த ஒரு தகரக் குழல் முன்பக்கம் பார்த்து நிற்கும். மழைக்கு ஜன்னல்களை மூடிவிட்டால், அறைக்குள் காற்று போக அது ஒன்றே வழி.

ஆலப்புழையில் என் மாமியார் மகளோடு தாமும் ஏறினார். ஏறியதும் அண்ணாந்து பார்த்தார். குழல் வழியாகச் சில்லென்று காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பிரசவித்த உடம்பிலும் பச்சைக் குழந்தைமேலும் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு பழைய வேட்டியைச் சுருட்டிக் குழலுக்குள் திணித்தார். ஜன்னல் இடுக்குகளிலும் துணி. கதவின் அடியில் ஒரு சாக்கு.

மலையாளியான டிரைவர் சேட்டன் சிரித்தார். "அம்மே, இது போட்தானோ, ஊறுகாய் ஜாடியோ?"

"உனக்குக் காத்து வேணும்னா வெளியில நின்னு வாங்கிக்கோ. நீயா பெத்துப் போட்டிருக்கே?" என்று மாமியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேரே பேசமாட்டார். மகளிடம் சொல்வதுபோல் சொல்வார்; மகள் அதைத் திருப்பிச் சொல்லுவாள். கூச்ச சுபாவமுள்ள எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. கல்யாணமாகி அதுவரை அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நான் டிரைவரோடு பின்பக்கம் நின்றிருந்தேன். காயல் என்னும் உப்பங்கழியின் அகலமான பகுதிக்கு வந்தோம். இரண்டு கரையும் மழையில் மறைந்துவிட்டன. காற்று பின்னாலிருந்து மெல்ல வீசியதால் இஞ்சின் புகை எங்களையே சுற்றி வந்தது. எனக்குக்கூட லேசாகத் தலை வலித்தது. உள்ளே அழுதுகொண்டிருந்த குழந்தை ஓய்ந்தது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் உள்ளே யாரோ ஓங்கரிக்கும் சத்தம். கதவருகே போய், "என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு. தலை சுத்துது, அவ்வளவுதான்" என்று மாமியார் மகளிடம் சொல்வது கேட்டது. மகள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்லுவாள்.

"அம்மைக்குக் கடல்ச்சொருக்கோ? ஆலப்புழக்காரிக்கோ?" என்று, படகு ஆட்டத்தில் வரும் குமட்டலைச் சொல்லி டிரைவர் கேலி செய்தார்.

அந்தக் கேலிதான் என்னைக் குத்தியது. வள்ளத்திலேயே சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வளர்ந்தவர் மாமியார். காயலோ அப்போது மழைப் புள்ளிகளைத் தவிர ஓர் அலையும் இல்லாமல், தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் கிடந்தது. இதில் அவருக்கு எப்படி வாந்தி வரும்?

மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. தட்டினேன். பதில் இல்லை. என் கை கதவின் பிடியிலேயே நின்றுவிட்டது. மனைவி பால் கொடுத்துக்கொண்டிருந்தால்? மாமியார் படுத்திருந்தால்? ஒரு ஆண்பிள்ளை எப்படித் திறப்பது? அந்த வேளையிலும் மரியாதையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எடோ, துறக்கு!" என்று, திறக்கச் சொல்லிக் கதவைக் காட்டி டிரைவர் கத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

தோளால் மோதித் திறந்தேன். புகை நாற்றத்தோடு வெக்கை முகத்தில் அடித்தது. மாமியார் பலகையில் சாய்ந்து கிடந்தார். மனைவியின் தலை தொங்கியிருந்தது. மடியிலிருந்து குழந்தை பாதி வழுக்கி, துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாரிக்கொண்டு மழைக்குள் ஓடி வந்தேன். டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டு அறைக்குள் புகுந்து, குழலில் திணித்த வேட்டியைப் பிடுங்கி எறிந்தார். பிறகு என் மனைவியை வெளியே இழுத்துக் கிடத்தினார்.

குழந்தை அழவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. உள்ளங்காலைத் தேய்த்தேன். முகத்தில் ஊதினேன். மழைத்துளி நெற்றியில் விழுந்துகொண்டே இருந்தது. காற்றே படக்கூடாது என்று காத்த பிள்ளையை, காற்றுக்கும் மழைக்கும் நடுவே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அழும்மா, அழும்மா" என்று கெஞ்சினேன். இருமல்போல ஒன்று வந்தது. பிறகு ஒரு சின்ன முனகல். பிறகு அழுகை.

குழந்தையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் மாமியாரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வந்தேன். மனைவி வாந்தியெடுத்துக் கண் விழித்துவிட்டாள். மாமியாருக்கு நினைவு திரும்ப நேரமாயிற்று. கண்ணைத் திறந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, புள்ள எங்கே?" என்றார். என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

வைக்கத்தில் கரையேறி டாக்டரிடம் காட்டினோம். இஞ்சின் புகைதான் என்றார். முன்பக்கத்துக் குழலை அடைத்ததும் அறைக்குள் நல்ல காற்று வர வழியில்லாமல் போயிற்று. இஞ்சின் பக்கத்துப் பலகை இடுக்குகள் வழியாகப் புகை மட்டும் வந்து நிறைந்திருக்கிறது. அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் கதவைத் திறந்து வைத்தே மட்டாஞ்சேரி வந்து சேர்ந்தோம்.

விஷயம் கேட்டு முதலாளி பதறிப் போனார். தோப்பும்படியிலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தார். பலகை இடுக்குகளை அடைத்தார்கள். புகைக்குழாயை நீட்டினார்கள். கெட்ட காற்று வெளியே போகக் கூரையின் பின்பக்கம் இன்னொரு குழல் வைத்தார்கள். முன்குழலுக்குக் கீழே, காற்று ஆள்மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிரிந்து போக ஒரு பலகை. மாமியார் ஊர் திரும்பும் அன்று அறைக்குள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து, புகை மெல்ல வளைந்து பின்குழல் வழியாக வெளியேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகே உட்கார்ந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மகள்மேலும் பேத்திமேலும் உள்ள ஆசையால் செய்தது அது. ஆனால், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து யாராவது "ஒண்ணுமில்லை" என்று சொன்னால், இன்றும் என் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு, கதவைத் திறந்து அவர்கள் முகத்தைப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.