கொழுந்து தின்ற இலாகா

நேற்று ஜார்ஜ் டவுன் பசாரில் ஒரு கட்டு முந்திரிக் கொழுந்து வாங்கினேன். பச்சையாகவே மிளகாய்ச் சம்பாலில் தொட்டுச் சோற்றோடு சாப்பிடுவோமே, அதுதான். ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன். அந்தத் துவர்ப்பு வாசனை என்னை நேராகக் கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாசில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. ஃபெரிக் காசு மிச்சம்.

அங்கே ஒரு விவசாய இலாகாவில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம் அது. சிறுதோட்டக்காரர்களின் முந்திரி விளைச்சலைப் பெருக்குவது எங்கள் புனிதப் பணி. எங்கள் அதிகாரி முந்திரியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். மரத்தடிக்கு மட்டும் வரமாட்டார், சிவப்பெறும்பு கடிக்குமாம். ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பாக்கியம் எனக்கு.

லெட்சுமி அக்காவின் தோட்டம்தான் எங்கள் மாதிரித் தோட்டம். அதில் பங்குள்ள அவருடைய தம்பி, வீடு கட்டுகிறவர்களுக்கு நிலத்தை விற்கத் துடித்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவ நல்லா காய்ச்சா விக்க மாட்டேன்னு சொல்லிட்டான். நீங்கதான் பாத்து செய்யணும்லா," என்றார் அக்கா. நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

காய்ந்த கிளைகளை வெட்டினோம், உரம் போட்டோம். மரமெல்லாம் செக்கச்செவேலென்று கொழுந்து! அதன் நுனியில்தான் பூ வரும், பூவில்தான் கொட்டை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கொழுந்து கேட்டு வாசலில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்தக் கம்பத்து ஊரில் கிடையாதே! பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வந்தார். அவருடைய சம்பந்தி வீட்டார் வந்தார்கள். கடைசியில் எங்கள் அதிகாரியே காரில் வந்து இறங்கினார். எறும்புகளுக்கு அன்று விடுமுறை போலும்.

"ஆபீசுக்கும் கொஞ்சம் கட்டுங்கக்கா. இவ்ளோ இருக்கே, மறுபடி துளிர்க்கும்லா."

கேட்பது அதிகாரி. அக்கா எப்படி மறுப்பார், நீங்களே சொல்லுங்கள். அன்று மத்தியானம் இலாகா முழுக்கச் சம்பால் வாசனை. நானும் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன். ருசி அப்படி.

அந்தப் பருவத்தில் விளைந்த கொட்டை ஒரு பாயசத்துக்குக் காணாது. மழை சரியில்லை என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். தம்பிக்காரன் விற்றுவிட்டான். ரம்பத்தை எடுத்துவரப் போன என்னிடம் அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாரும் நல்லா சாப்டீங்களா, தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கும் அப்படித்தான்.

இப்போது அங்கே வரிசை வீடுகள். மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. குடியிருப்புக்கு முந்திரியின் பெயரையே வைத்து, நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு சிமெண்டில் ஒரு முந்திரிக் கொட்டை செய்து நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் இலாகா பாடுபட்டதற்கு அந்த நிலத்தில் விளைந்தது அது ஒன்றுதான்.