நான் நேர்ந்துகொண்ட குதிரை

என் தம்பி லிதுவேனியாவில் லாரி ஓட்டுகிறான். கிணத்துக்கடவில் தேங்காய் லோடு அடித்துக்கொண்டிருந்தவன், ஏஜென்ட் ஒருவன் பேச்சைக் கேட்டு அங்கே போய், பனியில் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டான். போன புதிதில் அடிக்கடி வீடியோ காலில் வருவான். ஒருநாள் ஒரு மரவீட்டைக் காட்டினான். கூரை உச்சியில் மரத்தில் செதுக்கிய இரண்டு குதிரைத் தலைகள், ஆளுக்கொரு திசை பார்த்தபடி இருந்தன.

“ஊட்டுக்குக் காவலாமாக்கா. நம்மூர்ல கருப்பராயனுக்குக் குதிரை வெக்கற மாதிரிதான்.”

இன்னொரு நாள், கூட வேலை செய்யும் அந்த ஊர்க்காரர் சொன்ன பழைய பாட்டு ஒன்றைப் பற்றிச் சொன்னான். சண்டைக்குப் போன பையனைக் காணோம். அவன் குதிரை மட்டும் தனியாக வாசலுக்குத் திரும்பி வருகிறது. எங்கள் பையன் எங்கே என்று வீட்டுப் பெண்கள் அதனிடம் விசாரிக்கிறார்கள். “இந்த மாதிரிப் பாட்டு இங்க நெறைய இருக்குதாமாக்கா” என்று சிரித்தான். அடப்பாவி, சிரிக்கிற பாட்டா இது? அன்றைக்கே நேர்ந்துகொண்டேன், இவன் கை கால் முழுசாக ஊர் வந்து சேர்ந்தால் கருப்பராயனுக்கு ஒரு மண்குதிரை வைக்கிறேன் என்று.

நான் கட்டிக்கொண்டது சிங்காநல்லூரில் ஒரு கிறிஸ்தவரை. ஞாயிற்றுக்கிழமை அவரோடு சர்ச்சில் உட்கார்ந்திருப்பேன், வாய் மட்டும் கருப்பராயனை முணுமுணுக்கும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எங்கள் வீட்டு வழக்கத்தில், குயவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது குதிரையின் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார்கள். நேர்ந்துகொண்டவர் கைதான் சாமி முன்னால் அதை அவிழ்க்க வேண்டும். தம்பியிடம் சொன்னபோது, “நீ வராம குதிரை நகருமாக்கா?” என்றான்.

இந்த வருஷம் வந்தான். புதன்கிழமை குதிரை எடுக்கிறோம், வந்துவிடு என்றான். நானும் லீவு போட்டு, புதுச்சேலை கட்டி, மாலையும் கையுமாகக் குயவர் வீட்டில் போய் இறங்கினேன். அங்கே குதிரையும் இல்லை, எங்கள் ஆட்களும் இல்லை.

“ஏனுங்க அம்மணி, குதிரை போன வெள்ளிக்கெழமையே போயிருச்சுங்களே! உங்களுக்கு ஒடம்பு செரியில்லைன்னு சொன்னாங்க” என்றார் குயவர்.

கோயிலுக்கு ஓடினேன். என் குதிரை கண் திறந்து நின்றுகொண்டிருந்தது. கழுத்து மாலைகூட வாடிவிட்டது. சாமியைக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. நேராக அம்மா வீட்டுக்குப் போனேன்.

தம்பி தலையைத் தூக்கவில்லை. “எனக்குப் பொண்ணு பேசிட்டிருக்காங்கக்கா. பொண்ணு ஊட்டுக்காரங்களும் அன்னிக்கு வந்திருந்தாங்க. நீ முன்னால வந்து நின்னா…”

“நின்னா?”

“சர்ச்சுக்குப் போறவ கை படலாமான்னு பங்காளிக கேப்பாங்கல்ல.”

“அப்ப யார்ரா துணிய அவுத்தது?”

அம்மா காப்பியோடு வந்தாள். “நாந்தான் கண்ணு. பெத்தவ அவுத்தா ஆகாதா? செரி, ஆறிப்போகுது, குடி.”

பங்காளிகள் செய்திருந்தால் தூ என்று துப்பிவிட்டு வந்திருப்பேன். என் கல்யாணத்தன்று ஊரே முகம் திருப்பிக்கொண்டபோது, ஒளிந்து வந்து என் தலையில் பூ வைத்துவிட்டுப் போனவள் இந்த அம்மா. அவளே என்னை நோயாளி என்று சொல்ல வைத்து, என் வேண்டுதலைத் தன் கையால் முடித்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

லீவு முடிந்து கிளம்பியவன் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டான். “அக்கா, அங்க பனி ஆரம்பிச்சிருச்சாமா. கருப்பராயன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெய்யிக்கா. நீ கேட்டாத்தான் குடுக்குது.”

“கேக்கறதுக்கு மட்டும் நான் ஆகுமாடா?” என்றேன்.

அவன் “அக்கா…” என்று இழுத்தான்.

“அம்மாகிட்டச் சொல்லு” என்று போனை வைத்துவிட்டேன். இந்தத் தடவை அவனுக்காக நான் எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்கவில்லை.