மவுஸைத் தொடாதவர்

ஆர்.கே.புரம் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர், ஸ்வெட்டரையும் இஸ்திரி போட்டு அணிபவர். வேலை இல்லாதபோது மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். சற்று நேரத்தில் அவருடைய கணினித் திரையில் குடும்பப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும்.

ஒருநாள் அவர் மகளின் படம் வந்தது. தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. படத்தை நிறுத்திப் பார்க்கலாமென்று நான் மவுஸைத் தொட்டேன். படம் மறைந்து, திரை பாஸ்வேர்டு கேட்டது.

“அரே, கைய வெச்சுட்டீங்களே சார்! செக்யூரிட்டி. தொட்டா பூட்டிக்கும், நிறுத்தி வெக்க விடாது.”

“படம் உள்ளதானே இருக்கு? திறந்து பாருங்களேன்.”

“திறந்தா நான் போய்ப் பாக்கறது சார். இதுல அவளா வரா.”

பாஸ்வேர்டை அடித்துவிட்டு, மறுபடி கையை மடியில் வைத்துக்கொண்டார். அவளுக்கு ஒருமுறையாவது போன் செய்தாரா என்று கேட்க நினைத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.