தாளைப் பிடித்திருந்த கை

பேய்க்கதை சொல்லிப் பிள்ளைகளைப் பயம் காட்டுகிற ஆள் இல்லை நான். இது எனக்கு நடந்தது. நான் மட்டும் கண்டதென்றால் மனப்பிரமை என்று நீங்கள் தள்ளிவிடலாம். அன்றைக்கு அந்த வீட்டில் என்னோடு வேறு ஆட்களும் நின்றார்கள். காரைதீவுக் கனகரெத்தினம் அண்ணன் இப்போதும் கடை வைத்திருக்கிறார். அபுல் ஹஸன் காக்காவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, ஞாபகம் குறையவில்லை. போய்க் கேட்டுப் பாருங்கள். அண்ணன் பேச்சை மாற்றுவார். காக்கா எழுந்து உள்ளே போய்விடுவார்.

1996ஆம் ஆண்டு. மழை பொய்த்து, குளங்கள் வற்றி, நாடு முழுக்கக் கரண்ட் வெட்டிய வருசம். என் பெயர் ஸம்ஸியா. மருதமுனைக்காரி. கல்முனையில் ஒரு உதவி நிறுவனத்தில் கம்பியூட்டர் வேலை பார்த்தேன். கடற்கரைப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு வீடுதான் கந்தோர். முன் அறையில் எங்கள் பொறுப்பாளர் முபீன் சேர் இருப்பார். நடு அறையில் நான். என் மேசைக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு சின்ன மேசையில் லேசர் பிரிண்டர். காவலுக்கும் தேத்தண்ணி ஊற்றவும் அபுல் ஹஸன் காக்கா.

மருதமுனையில் புருசன்மாரை இழந்த பெண்களுக்குத் தறியும் நூலும் வாங்கிக் கொடுக்க ஒரு திட்டம் எழுதியிருந்தோம். என் மூத்த சகோதரி சரீபா ராத்தாவும் அதில் ஒருத்தி. மச்சான் மவுத்தான பிறகு மூன்று பிள்ளைகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். திட்டம் மறுநாள் கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போய்ச் சேரவேண்டும். தவறினால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். வேன் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு புறப்படுவதாக இருந்தது.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து அச்சடிக்கத் தொடங்கினேன். நாலு தாள் ஒழுங்காக வந்தது. ஐந்தாவது தாள் சிக்கிவிட்டது.

மூடியைத் திறந்து இழுத்தேன். கிழிந்து வந்தது. திரும்பப் போட்டேன். அதே தாள், அதே இடத்தில், பாதி வெளியே வந்து நின்றது. மஞ்சள் விளக்கு மினுக்கியது. ஆறேழு தடவை இப்படி. இழுத்து எடுத்த தாள்களையெல்லாம் குப்பைக் கூடையில் போடப் போனபோதுதான் கவனித்தேன்.

ஒவ்வொரு தாளின் முன் ஓரத்திலும் நாலு கறுப்புத் தடங்கள். விரல் தடங்கள் மாதிரி.

என் விரலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

முபீன் சேர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பஸ் நிலையத்துக்குக் கிட்டக் கடை வைத்திருந்த கனகரெத்தினம் அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்தார். றேடியோ, டீவி, போட்டோக் கொப்பி மெசின் எல்லாம் திருத்துவார்.

“சோதனைச் சாவடி மூட முதல் நான் காரைதீவுக்குப் போகணும் சேர்,” என்றார்.

“பாருங்கண்ணன். எட்டு மணிக்குக் கரண்ட் வெட்டுவானுகள். நான் சாய்ந்தமருதுக்குப் போய் ஜெனரேட்டர் ஒண்டு கேட்டுக் கொண்டாறன்.” சேர் போய்விட்டார்.

அண்ணன் மூடியைத் திறந்து, மைப்பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தார். டோர்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். பிறகு கூடையிலிருந்த தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஆரு தங்கச்சி இதுக்குள்ள கை போட்ட?”

“ஒருத்தரும் இல்லண்ணன். நான் தாளைத்தான் இழுத்த.”

அவர் தன் விரல்களை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. தடம் பெரிது. அவர் விரலைவிட நீளம்.

தாளைத் திரும்பக் கூடையில் போட்டார்.

உள்ளே சிக்கியிருந்த தாளின் நுனியைக் குறட்டால் பிடித்து மெதுவாக இழுத்தார். தாள் கொஞ்சம் வந்தது. நின்றது. பிறகு...

பின்னுக்குப் போனது.

வழுக்கிப் போகவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி, விறைப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. குறடு அவர் கையோடு சேர்ந்து போனது. அவர் கையை விட்டுவிட்டார்.

“ஸ்ப்றிங் போல,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது கரண்ட் போய்விட்டது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு இருபது. வெட்டுகிற நேரம் அதுவல்ல. வெளியே பள்ளியில் மஃரிப் தொழுகை. காக்கா பாங்கு கேட்டதுமே முன் கதவை என்னை உள்ளால் பூட்டச் சொல்லி, கேற்றைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கரண்ட் இல்லை. கம்பியூட்டர் செத்துக் கிடந்தது. மின்விசிறி நின்றுவிட்டது.

ச்ர்ர்ர்ர்...

பிரிண்டருக்குள் உருளை சுற்றியது.

“மிச்சக் கரண்ட் நிண்டிருக்கும்,” என்றார் அண்ணன். கையெல்லாம் மை. “நான் கிணத்தடில கை கழுவிட்டு வாறன். டோர்ச்சை அணைச்சு வையுங்க, பற்றரி இறங்கிரும். வெளிய இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இரிக்கி.”

டோர்ச்சை என் கையில் தந்துவிட்டுப் பின் கதவால் போனார். அவர் செருப்புச் சத்தம் முற்றத்து மணலில் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

நான் கதிரையில் இருந்தேன். எனக்கு முன்னால் வெள்ளைச் சுவர். இடது பக்கம் பின் கதவு. பிரிண்டர் எனக்குப் பின்னால். டோர்ச்சை மடியில் வைத்து, வாய்க்குள் ஓதத் தொடங்கினேன்.

டக்.

பின்னால் பிரிண்டர் மூடி திறக்கும் சத்தம்.

அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். எப்படி வந்தார், எந்தப் பக்கத்தால் வந்தார் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

“டோர்ச்சைத் தாங்க.”

மெல்லிய குரல். களைத்த ஆண் குரல். வேலை மும்முரத்தில் இருப்பவர் கேட்பதுபோல்.

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினேன். டோர்ச்சை வாங்கிக்கொண்டது ஒரு கை. அதன் விரல்கள் என் விரலில் பட்டன.

சூடு. காய்ச்சல் சூடு இல்லை. அப்போதுதான் அச்சாகி வெளியே வந்த தாளைத் தொட்டிருக்கிறீர்களா? அந்தச் சூடு. அந்த வழவழப்பு. அந்தக் காய்ந்த தன்மை. தோல் போலவே இல்லை.

அதே நேரம் கிணற்றடியிலிருந்து...

“தங்கச்சி! டோர்ச்சைக் கொண்டாங்க. வாளி கிணத்துக்குள்ள விழுந்திட்டு.”

கனகரெத்தினம் அண்ணனின் குரல்.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை.

டிக்.

பின்னால் டோர்ச் எரிந்தது. முன் சுவரில் என் நிழல் விழுந்தது. தலை, முக்காடு, தோள். என் நிழல் மட்டும்தான். வேறு யாருடைய நிழலும் இல்லை.

கொஞ்ச நேரம் வெளிச்சம் கீழ்நோக்கி இருந்தது. எதையோ தேடுவதுபோல் ஆடியது. தாள் சரசரத்தது.

பிறகு வெளிச்சம் நிமிர்ந்தது.

என் நிழல் பெரிதாகத் தொடங்கியது.

மெதுவாக... சுவரின் பாதிவரை...

சுவர் முழுக்க...

வெளிச்சம் என் பிடரிக்குக் கிட்ட வந்துவிட்டது.

“நன்றி ஸம்ஸியா.”

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பின் கதவில் தோள் இடித்தது. முற்றத்து மணலில் விழுந்தேன். அண்ணன் ஓடி வந்து தூக்கினார்.

“என்ன புள்ள? என்ன நடந்த?”

“உள்ள... உள்ள ஒரு ஆள்.”

பள்ளியிலிருந்து காக்கா திரும்பி வந்தார். அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு மூன்று பேருமாக உள்ளே போனோம். முன் கதவு உள்ளே பூட்டியபடி இருந்தது. சன்னல் எல்லாம் கம்பி போட்டது. அறையில் யாரும் இல்லை.

டோர்ச் மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தது, அணைத்தபடி. அண்ணன் வெளியே கழற்றி வைத்த மைப்பெட்டி மேசையில் இல்லை. பிரிண்டருக்குள் பூட்டி, மூடி சாத்தியிருந்தது. பக்கத்தில் அந்தச் சிக்கிய தாள். ஒரு மடிப்புக்கூட இல்லாமல், நீவி விட்டதுபோல் கிடந்தது.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நான் இதை வெளிய எடுக்கல்ல,” என்றார். “மைப்பெட்டியைப் பூட்டவும் இல்ல.”

சாமான்களைப் பைக்குள் அள்ளிப் போட்டார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இந்த மெசினை என்ன செஞ்சாலும் எனக்கிட்டக் கொண்டராதீங்க. இதுக்குப் பக்கத்துல தனிய இரிக்கவும் வேணாம்.”

முபீன் சேர் ஜெனரேட்டரோடு வந்து சேர்ந்தபோது நான் முற்றத்தில் இருந்தேன். நடந்ததைச் சொன்னோம். அவர் நம்பினாரா தெரியாது. என்னை வற்புறுத்தவில்லை. “உனக்கு ஏலாட்டி விடு புள்ள. நான் கொழும்புக்குப் போன் பண்ணிச் சொல்றன்,” என்றார்.

ராத்தாவின் மூன்று பிள்ளைகளும் என் கண்ணுக்குள் வந்தார்கள். இது போனால் இன்னொன்று வராது.

“நான் அடிக்கிறன் சேர். நீங்க ரெண்டு பேரும் இஞ்சயே நில்லுங்க.”

கதிரையைத் திருப்பிப் போட்டு, முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து இருந்தேன். காக்கா வாசற்படியில் நின்று சத்தமாக ஆயத்துல் குர்ஸி ஓதினார். முற்றத்தில் ஜெனரேட்டர் இரைந்தது. நான் பொத்தானை அமுக்கினேன்.

ஒரு தாள்கூடச் சிக்கவில்லை. அந்த மெசின் அவ்வளவு அழகாக வேலை செய்து நான் அதற்கு முன் கண்டதில்லை. தாள் தாளாக வந்து விழுந்தது. கடைசித் தாளையும் எடுத்துக் கோவையில் வைத்தேன். சேர் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

அமைதி.

ச்ர்ர்ர்ர்...

இன்னொரு தாள் வெளியே வந்தது.

காக்கா ஓதுவதை நிறுத்திவிட்டார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யாரும் அந்தத் தாளைத் தொடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வெளியேறினோம். காலையில் போய்ப் பார்த்தால் தட்டில் தாளே இல்லை.

திட்டம் கிடைத்தது. ராத்தா வீட்டில் தறி இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அதில் ஒரு குறையும் இல்லை.

நான் அந்த அறைக்குத் திரும்பிப் போக மறுத்துவிட்டேன். மெசின் பழுது, மாற்றித் தாருங்கள் என்று முபீன் சேர் கொழும்புக்கு அறிவித்தார். புது மெசின் வந்தது. பழையதைக் கயிற்றால் கட்டி, வந்த வேனிலேயே ஏற்றி அனுப்பினோம்.

அதன் பிறகு விசாரிக்காத இடமில்லை. மெசின் துறைமுகத்திலிருந்து நேரே எங்களுக்கு வந்தது, அதற்கு முன் யாரும் பாவிக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டோம். அவர் உம்மா வாப்பாவோடு சந்தோசமாக வாழ்ந்த வீடு. அங்கே யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கிணற்றிலும் இல்லை, பக்கத்து வளவிலும் இல்லை. காரணம் என்று சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் கந்தோரில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். புத்தளத்திலிருந்து எங்கள் நிறுவனத்தின் கிளை. சஹ்லா என்று ஒரு புள்ள, அங்கே கம்பியூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். குரலில் சின்ன வயது தெரிந்தது.

“ஸம்ஸியா ராத்தாவா? உங்கட பழைய பிரிண்டரைத் திருத்தி எங்களுக்கு அனுப்பியிரிக்காங்க. இண்டைக்குத்தான் கட்டை அவிழ்த்த.”

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“நல்லா வேலை செய்யுதா?” என்று மட்டும் கேட்டேன்.

“முதல் தாளே சிக்கிட்டு ராத்தா. இப்ப கரண்டும் இல்ல. ஆனா நீங்க அனுப்பின ஆள் கெட்டிக்காரர். இருட்டுக்குள்ளயே பாக்கார்.”

“நாங்க... ஆரையும் அனுப்பல்லயே.”

அவள் சிரித்தாள்.

“என்ன ராத்தா இப்பிடிச் சொல்றீங்க? உங்களை நல்லாத் தெரியுமாம். மெசினோடயே வந்தவராமே. இந்தா, எனக்குப் பக்கத்துலதான் நிக்கார். குடுக்கட்டா? உங்களோட கதைக்கணுமாம்.”

“சஹ்லா! வெளிய ஓடு! இப்பவே ஓடு புள்ள!”

நான் கத்திய கத்தலில் முபீன் சேர் முன் அறையிலிருந்து ஓடி வந்தார். மறுபக்கம் ரிசீவர் மேசையில் விழுந்தது. கதிரை சரிந்தது. செருப்புச் சத்தம் தூரப் போனது.

லைன் அறுபடவில்லை. அந்த அறையின் அமைதி என் காதுக்குள் இருந்தது.

பிறகு ரிசீவரை யாரோ மெதுவாகத் தூக்கி, அதன் இடத்தில் வைத்தார்கள்.

டக்.

சஹ்லா தப்பிவிட்டாள். மறுநாள் தன் வீட்டிலிருந்து போன் பண்ணினாள். அழுதுகொண்டே பேசினாள். அவள் ஓடி வந்த பிறகு காவல்காரர் விளக்கோடு போய்ப் பார்த்தாராம். அறைக்குள் யாரும் இல்லை.

பிரிண்டரும் இல்லை.

இன்றுவரை அதை யாரும் காணவில்லை.